அரை மணி நேர இடைவெளி

"ரெண்டையும் சேத்துக் குடிக்கலாமா டாக்டரம்மா?" காய்ச்சல் சீசனில் சித்தா ஓ.பி.க்கு வருகிற எல்லோருக்கும் இதே கேள்விதான். கையில் நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம், பக்கத்து அலோபதி ஓ.பி.யில் கொடுத்த பாராசிட்டமால். "அரை மணி நேரம் விட்டுக் குடிங்க" என்பேன். ஒரு பாட்டி மட்டும் விடவில்லை. "சக்கரை மாத்திரைக்கும் அரை மணி நேரமா?"

"சாப்பிடுறீங்களா பாட்டி?"

"ரெண்டு நாளா கஞ்சித் தண்ணிதான்."

கஷாயத்தை நிறுத்தி வைத்து, சர்க்கரை பார்க்கச் சொல்லிப் பக்கத்து ஓ.பி.க்கே திருப்பி அனுப்பினேன். கிளிமிப்பிரைடு என்கிற சர்க்கரை மாத்திரை போடுகிறவர் சாப்பிடாமல் இருந்தாலே சர்க்கரை இறங்கும். நிலவேம்பும் சர்க்கரையை இறக்குவதாக விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன. மனிதரில் 50 மில்லி கஷாயம் எவ்வளவு இறக்கும் என்று கணக்காகச் சொல்ல என்னால் முடியாது. ஒருவேளை அந்தப் பாட்டியை வீணாகப் பயமுறுத்தி விட்டேனோ?

அந்த அரை மணி நேரமும் அர்த்தமில்லாத பேச்சு அல்ல. காய்ச்சல் வயிற்றில் அந்தக் கசப்பு இறங்கினால் சிலருக்குக் குமட்டும். வாந்தியோடு மாத்திரையும் வெளியே வந்துவிடும். ஆனால் இடைவெளி விட்டால் எல்லாம் பத்திரம் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் சிக்கல். ரத்தத்தில் கலந்த பிறகு ஏது இடைவெளி?

தயாரிப்பிலேயே பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 5 கிராம் சூரணத்தை 200 மில்லி தண்ணீரில் போட்டு, சிறுதீயில் 50 மில்லியாக வற்ற வைத்து, வடிகட்டி, மூன்று மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். டீ மாதிரி ஒரு கொதி விட்டு இறக்கினால் சத்து இறங்காது. காலையில் காய்ச்சி ஃபிளாஸ்கில் வைத்து ராத்திரி குடிப்பதும் நடக்கிறது. கசப்புக்கு வெல்லம் வேறு, அதுவும் சர்க்கரைக்காரர்கள்!

டெங்குவில் இன்னொரு வம்பு. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடுகிற சமயத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். "கஷாயம் கேட்டிருச்சு" என்று அன்றைக்குத்தான் வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இருந்தால் உடனே வரச் சொல்கிறேன். இடைவெளி மனதில் நிற்கிற அளவுக்கு இது நிற்பதில்லை.

பாட்டி கேட்டதால் தெரிந்தது. இரண்டு ஓ.பி. சீட்டும் தனித்தனி, அங்கே எழுதியது இங்கே தெரியாது. இப்போதெல்லாம் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் சூரணம் தருகிறேன். வரிசை வாசல் வரை போய்விடுகிறது. பாதிப் பேர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள்.