கிழமை விட்டுக் கிழமை காணாமற் போன சிக்னல்: வன்பிளஸ் 6 இன் இரண்டு ஸ்லொட்டுகள்

நிலாவெளியில் படகு ஓட்டும் என் மச்சானுடைய வன்பிளஸ் 6 இல், அன்ட்ரொய்டை அடிப்படையாகக் கொண்ட மாற்று இயங்குதளமான லினியேஜ் ஓ.எஸ். இன் அடுத்தடுத்து வந்த இரண்டு அப்டேட்டுகளும் சிம்மையும் வைஃபையையும் பறிக்காமல் இறங்கிவிட்டன. இரண்டும் இறங்கின என்பதுதான் இங்கே முக்கியம். ஒன்று மட்டும் சரியாக இறங்கியிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன், ஏனென்றால் இந்தத் தொலைபேசியில் ஒன்றுவிட்டு ஒன்று எப்போதும் சரியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

2018 இல் வந்த, ஸ்னப்ட்ராகன் 845 செயலியில் ஓடும் இந்தத் தொலைபேசிக்கு நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் அன்ட்ரொய்ட் 11 உடன் நின்றுவிட்டது. லினியேஜ் 22.2 ஐப் போட்டால் அதே தொலைபேசி அன்ட்ரொய்ட் 15 இல் இன்றும் சுறுசுறுப்பாக ஓடுகிறது என்பதால், பழைய தொலைபேசிகளை வாங்கி மாற்று இயங்குதளம் போடும் எங்களைப் போன்றவர்களுக்கு இது இன்னமும் விருப்பமான மொடல். மச்சான் இதைக் கொழும்பில் பழையதாக வாங்கியபோது, விற்றவரே லினியேஜைப் போட்டுத்தான் கொடுத்திருந்தார். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை புறாத்தீவுக்குப் போகும் பயணிகள் தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும்தான் மச்சானைப் பிடிக்கிறார்கள். அந்தக் காலத்தில் சிக்னல் இல்லாத தொலைபேசி என்றால் பயணிகள் அடுத்த படகுக்குப் போய்விடுவார்கள்.

“மச்சான், போன கிழமை வேலை செய்த சிம் இந்தக் கிழமை இல்லை. வைஃபையும் ஓன் ஆகுதில்லை. ஆனா அடுத்த கிழமை தானா வந்திடும் பாருங்கோ,” என்று அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில்தான் முழு நோயும் இருந்தது. லினியேஜ் இந்த மொடலுக்குக் கிழமைக்கு ஒரு பில்ட் (புதிய பதிப்பு) வெளியிடுகிறது. மச்சான் ஒழுங்காக ஒவ்வொன்றையும் இறக்குபவர். ஒரு பில்ட் இறங்கினால் எல்லாம் சுகம். அடுத்தது இறங்கினால் சிம் இல்லை, வைஃபை பொத்தானை அழுத்தினால் அது தானாகவே திரும்ப அணைந்துவிடுகிறது, தொலைபேசி விபரப் பக்கத்தில் பேஸ்பாண்ட் பதிப்பு (சிம் வலையமைப்போடு பேசும் மொடெமின் மென்பொருள் பதிப்பு) ‘தெரியாது’ என்று நிற்கிறது, தொலைபேசியின் அடையாள எண்ணான ஐ.எம்.ஈ.ஐ. வரியும் வெறுமை. அதற்கடுத்த பில்ட் இறங்கியதும் எல்லாம் மீண்டும் வந்துவிடுகிறது.

திருகோணமலையில் கைத்தொலைபேசி பழுதானால் முதற் சந்தேகம் உப்புக் காற்றின் மேல்தான் விழும். நாளெல்லாம் படகில் இருக்கும் தொலைபேசி என்றால் சொல்லவே வேண்டாம். நகரத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் அன்ரெனா அரித்துப்போய்விட்டது, மதர்போர்ட்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகையும் கேட்டிருக்கிறார்கள். அரிப்பு என்றால் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி கூடிக் குறையலாம். அப்டேட் எண்ணிக்கைக்கு ஏற்றபடி ஒன்றுவிட்டு ஒன்று வந்துபோகாது. இந்த ஒழுங்கைக் கவனித்த பின் ஸ்க்ரூ ட்ரைவரை எடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது துப்பை புளூடூத் தந்தது. சிக்னல் இல்லாத கிழமையிலும் மச்சானின் புளூடூத் ஸ்பீக்கர் பிசகில்லாமல் பாடியது. வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் இருக்கும்போது ஒன்று மட்டும் ஏன் போக வேண்டும்? விடை ஸ்னப்ட்ராகன் 845 இன் அமைப்பில் இருக்கிறது. இதனுடன் வரும் டபிள்யூ.சி.என். 3990 சிப்பின் வைஃபை ஃபேர்ம்வெயார் (சிப்பை இயக்கும் உள் மென்பொருள்), மொடெம் செயலியின் உள்ளேதான் ஓடுகிறது. புளூடூத்தோ தனக்கென வேறு பார்ட்டிஷனில் (சேமிப்பகத்தில் பிரிக்கப்பட்ட பகுதியில்) இருந்து ஃபேர்ம்வெயாரை எடுத்துக்கொண்டு தனி வழியாகப் பேசுகிறது. ஆகவே மொடெம் எழும்பாவிட்டால் சிம்மும் வைஃபையும் ஒன்றாகப் போகும், புளூடூத் மட்டும் மிஞ்சும். அன்ரெனா அரித்திருந்தால் மொடெம் எழும்பியிருக்கும், ஐ.எம்.ஈ.ஐ. தெரிந்திருக்கும், சிக்னல் கோடுகள் மட்டும் குறைந்திருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது இது கம்பியிலும் செம்பிலும் உள்ள பிரச்சினை அல்ல என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

இந்தத் தொலைபேசியில் இயங்குதளம் இரண்டு பிரதிகளாக, ஏ, பி என்ற இரண்டு ஸ்லொட்டுகளில் இருக்கிறது; ஒரு நேரத்தில் ஒன்றே செயலில் இருக்கும். இதில் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டும் செயலில் இல்லாத ஸ்லொட்டுக்குள்தான் எழுதப்படுகிறது. மறுமுறை எழும்பும்போது தொலைபேசி அங்கே குடிபெயர்கிறது. லினியேஜ் இந்த மொடலில் தன் சிஸ்டத்தை மட்டும் கொண்டுவருகிறதே தவிர, மொடெம், டீ.எஸ்.பி., ஏ.பி.எல்., எக்ஸ்.பி.எல்., டீ.இஸட். போன்ற ஃபேர்ம்வெயார் பார்ட்டிஷன்களைத் தொடுவதில்லை. அவை அந்தந்த ஸ்லொட்டில் ஏற்கெனவே எது இருந்ததோ அதுவாகவே கிடக்கும். நிறுவனத்தின் சொந்த மென்பொருளும் இதே முறையில்தான் அப்டேட் ஆகிறது என்பதால், இந்தத் தொலைபேசியில் அன்ட்ரொய்ட் 11 ஒரு ஸ்லொட்டில் மட்டும் இறங்கியபோது மற்ற ஸ்லொட்டில் அன்ட்ரொய்ட் 10 காலத்து ஃபேர்ம்வெயார் அப்படியே நின்றுவிட்டது. லினியேஜ் இந்த மொடலில் எதிர்பார்ப்பது அன்ட்ரொய்ட் 11 இன் ஃபேர்ம்வெயாரை. ஒரே குடும்பம் புது வயரிங் செய்த வீட்டிலும் பழைய வயரிங் உள்ள வீட்டிலும் மாறி மாறிக் குடியிருந்தது போலத்தான் மச்சானின் தொலைபேசி இவ்வளவு காலமும் ஓடியிருக்கிறது.

அப்டேட் பிழைத்தால், தொலைபேசியை எழுப்பும் மென்பொருளான பூட்லோடர் தானாகவே பழைய ஸ்லொட்டுக்குத் திரும்ப வேண்டுமே என்று கேட்கலாம். அந்தக் காவல், தொலைபேசி எழும்பியதா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கிறது. இங்கே பழைய ஃபேர்ம்வெயார் உள்ள பி ஸ்லொட் அழகாக எழும்பி, முகப்புத் திரை வரை வந்து, தன்னை வெற்றி என்று குறித்துக்கொண்டது. சிம் இல்லை என்பது பூட்லோடரின் கவலை அல்ல.

ஊகத்தை நம்பி எழுதுவது எனக்குப் பிடிக்காது என்பதால் ரிக்கவரி என்ற பழுதுபார்க்கும் முறையில், கணினியிலிருந்து கட்டளையிட உதவும் ஏ.டீ.பி. யை இயக்கி, இரண்டு ஸ்லொட்டுகளிலும் உள்ள ஒவ்வொரு ஃபேர்ம்வெயார் பார்ட்டிஷனுக்கும் ஷா 256 ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஒரு மதிப்பு) எடுத்து இரண்டு நிரல்களாக அடுக்கிப் பார்த்தேன். லோகோ பார்ட்டிஷனின் மதிப்பு இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. அது எனக்குத் தைரியம் தந்தது, ஏனென்றால் வாசிக்கும் முறை சரி என்பதற்கு அதுவே சாட்சி. அதற்குக் கீழே மொடெம் வேறு, டீ.எஸ்.பி. வேறு, டீ.இஸட். வேறு, ஏ.பி.எல். வேறு. மொடெம் பார்ட்டிஷன்கள் இரண்டையும் வாசிக்க மட்டும் மவுண்ட் செய்து, உள்ளே பதிப்பு விபரம் இருக்கும் சிறிய உரைக் கோப்பைத் திறந்தபோது, பி பக்கத்தின் திகதி ஏ பக்கத்தினதை விடப் பழையதாக நின்றது. ஆதாரம் கையில் வந்துவிட்டது.

தீர்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: பார்ட்டிஷன்களை நகலெடுக்கும் ஒரு சிறிய ஸிப் கோப்பை ரிக்கவரியில் சைட்லோட் செய்தால், அதாவது கணினியிலிருந்து அனுப்பி ஓட்டினால், செயலில் உள்ள ஸ்லொட்டில் இருப்பதை மற்ற ஸ்லொட்டுக்கு அது எழுதிவிடும். லினியேஜ் நிறுவல் வழிகாட்டிகளிலேயே, முதல் நிறுவலுக்கு முன் செய்ய வேண்டியதாக இது சொல்லப்படுகிறது. கொழும்பில் போட்டுக் கொடுத்தவர் இதைத் தாண்டிப் போயிருக்கிறார். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொலைபேசியில் இதைப் பின்னர் செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது. அதைப் பற்றி எங்கும் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம். நகலெடுப்பு எப்போதும் செயலில் உள்ளதிலிருந்து செயலில் இல்லாததற்கே நடக்கும். மனிதர்கள் தொலைபேசியைத் திருத்த உட்காருவது எப்போது? சிக்னல் போன கிழமையில். சிக்னல் போன கிழமையில் செயலில் இருப்பது எது? பழைய ஃபேர்ம்வெயார் உள்ள பி. அந்த நிலையில் ஸிப்பை ஓட்டினால் கெட்டது நல்லதின் மேல் எழுதப்பட்டு, இரண்டு ஸ்லொட்டுகளிலும் மொடெம் எழும்பாத தொலைபேசி ஒன்று கையில் மிஞ்சும். கிழமை விட்டுக் கிழமையாவது கிடைத்த சிக்னல் பிறகு எந்தக் கிழமையும் கிடைக்காது.

ஆகவே நான் செய்த ஒழுங்கை விரிவாகவே சொல்கிறேன். முதலில் பூட்லோடரில் நின்று தற்போதைய ஸ்லொட் எது என்று, பூட்லோடருக்குக் கட்டளையிடும் கணினிக் கருவியான ஃபாஸ்ட்பூட்டிடம் கேட்டேன், ‘பி’ என்றது. செயலில் உள்ள ஸ்லொட்டை ஏ ஆக மாற்றினேன். மாற்றியதும் சிஸ்டத்தை எழுப்பவிடாமல் நேரே ரிக்கவரிக்குப் போனேன், ஏனென்றால் ஏ இல் இருப்பது முந்தைய கிழமையின் பில்ட். புதிய பில்ட் தொட்ட தரவின் மேல் பழையதை எழுப்பிப் பார்ப்பது தேவையில்லாத விசப்பரீட்சை. ரிக்கவரி வந்த பின் ஏ.டீ.பி. மூலம் ஸ்லொட் பின்னொட்டை மறுபடி கேட்டு, ‘_ஏ’ என்று கண்ணால் கண்ட பிறகுதான் சைட்லோடைத் தொடங்கினேன். பூட்லோடரிடம் ஒரு முறை, ரிக்கவரியிடம் ஒரு முறை என்று இரு இடத்தில் கேட்பது மிகை அல்ல. நகலெடுப்பு முடிந்ததும் அதே ஹாஷ் பட்டியலை மீண்டும் எடுத்தேன். இம்முறை இரண்டு நிரல்களும் மேலிருந்து கீழ் வரை ஒத்துப்போயின. அந்தப் பட்டியலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஒருவேளை ஏ உம் கெட்டிருந்தால் என்று நிறுவனத்தின் கடைசி அன்ட்ரொய்ட் 11 கோப்பை இறக்கி, அதன் பேலோடில் (உள்ளே அடைக்கப்பட்ட கோப்பில்) இருந்து ஃபேர்ம்வெயார் படிமங்களைப் பிரித்து ஆயத்தமாக வைத்திருந்தேன். வழமையான பூட்லோடர் திரையில் இவற்றைப் போட முயன்றால், முக்கிய பார்ட்டிஷன்களுக்கு அனுமதி இல்லை என்று மறுத்துவிடும். ரிக்கவரிக்குள் இருக்கும் ஃபாஸ்ட்பூட் முறைக்குப் போய்த்தான் செய்ய வேண்டும். அதற்கு வேலை வரவில்லை.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். எழும்பும் முதற் கட்டத்தைக் கவனிக்கும் எக்ஸ்.பி.எல். எழுதப்படும்போது தொலைபேசி அணைந்தால் பிறகு குவால்கொமின் 9008 அவசர முறை ஒன்றே வழி. பட்டரியை நிரப்பிவிட்டு, மடிக்கணினியும் தன் பட்டரியில் நிற்கும்படி செய்துவிட்டே இறங்கினேன். எனக்கு உண்மையில் கோபம் வந்தது கேபிளிலும் யூ.எஸ்.பி. துறையிலும்தான். என் மடிக்கணினியின் யூ.எஸ்.பி. 3 துறையில் நேரடியாகச் செருகினால் ஃபாஸ்ட்பூட் தொலைபேசியைக் காணும், ஆனால் கட்டளை கொடுத்தால் பதிலில்லாமல் தொங்கும். பழைய யூ.எஸ்.பி. 2 ஹப் ஒன்றை இடையில் போட்டதும் எல்லாம் ஒழுங்காயிற்று. இந்த வேலையில் இருப்பவர்கள் அப்படியான ஹப் ஒன்றை எறியாமல் வைத்திருக்க வேண்டும். புதியவை எல்லாம் 3 என்றே வருகின்றன. பஸ் நிலையப் பக்கத்துக் கடைகளில் 2 கேட்டால் உள்ளே போய்த் தேடி எடுத்துத் தருகிறார்கள்.

நகலெடுப்புக்குப் பின் ஏ இல் நின்றபடியே புதிய பில்டை ரிக்கவரியில் சைட்லோட் செய்தேன். அது பி இல் இறங்கியது. பி எழும்பியது, பேஸ்பாண்ட் வரி நிரம்பியது, சிம் வந்தது, வைஃபை பொத்தான் அழுத்திய இடத்திலேயே நின்றது. அதற்கடுத்த கிழமை பில்டை மச்சானே நிலாவெளியில் இருந்தபடி இறக்கி, அது ஏ இல் இருந்து எழும்பிய பின் எனக்கு அழைத்துச் சொன்னார். அதே சிம்மில் இருந்துதான் அழைத்தார்.

பழைய தொலைபேசி வாங்குபவர்களுக்கு: பணம் கொடுக்கும் முன் ஐ.எம்.ஈ.ஐ. என்று எழுதி, இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணைச் சேர்த்து 1909 க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பாருங்கள். லினியேஜ் ஏற்கெனவே போடப்பட்டிருந்தால் ஹாஷ் ஒப்பீட்டையும் உடனே செய்துவிடுங்கள். அதோடு பெர்சிஸ்ட், மொடெம் எஸ்.டீ. 1, மொடெம் எஸ்.டீ. 2 ஆகிய பார்ட்டிஷன்களின் பிரதியைக் கணினியில் எடுத்துவையுங்கள். ஐ.எம்.ஈ.ஐ. யும் சென்சர் அளவீடுகளும் அவற்றில்தான் தங்கியிருக்கின்றன. ஒரு தொலைபேசியின் பிரதி இன்னொன்றுக்கு உதவாது.

மச்சானின் தொலைபேசியில் வங்கிச் செயலி இன்னமும் திறக்கவில்லை. பூட்லோடர் திறந்திருப்பதைப் கூகிளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை கண்டுபிடிப்பதுதான் காரணம், அதற்குச் சுற்றுவழி தேடும் எண்ணம் எனக்கு இல்லை. வங்கி வேலைக்கு வீட்டில் இருக்கும் வேறு தொலைபேசியைப் பாவிக்கச் சொல்லியிருக்கிறேன். பட்டரியும் பழசு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரித்து, நல்லதாக ஒன்று கிடைத்தால் மாற்ற வேண்டும்.

இதற்கிடையில் திரை உடைந்த இன்னொரு வன்பிளஸ் 6 என் மேசைக்கு வந்திருக்கிறது. ஏ இல் லினியேஜையும் பி இல் லினக்ஸ் இயங்குதளமான போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ். ஐயும் வைத்து, ஸ்லொட்டை மாற்றி மாற்றி எழுப்ப வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. பிரதான லினக்ஸ் கேர்னலே இந்த மொடலில் ஓடுவதைப் பார்க்கவாவது அதைச் செய்ய வேண்டும். அன்ட்ரொய்டுக்கான வன்பொருள் விபரம் உள்ள டீ.டீ.பி.ஓ. பார்ட்டிஷனை அழித்தால்தான் போஸ்ட்மார்க்கெட் எழும்பும். அதைப் பி பக்கத்தில் மட்டும் அழிக்க வேண்டும், அதோடு ஏ இல் இருந்து லினியேஜை அப்டேட் செய்தால் அது போஸ்ட்மார்க்கெட்டின் மேலேயே எழுதிவிடும் என்பதால் அப்டேட்டை முற்றாக நிறுத்திவைக்க வேண்டும். முதல் வேலையாக அந்தத் தொலைபேசியின் ஹாஷ் பட்டியலை எடுத்துவிட்டேன். அதிலும் மொடெம் இரண்டு ஸ்லொட்டுகளிலும் வேறு வேறாகத்தான் இருக்கிறது.