118-ஐ நம்பியதால் வந்த வினை: கரோட்டிட் டாப்ளர் பிராக்டிக்கல்

எம்.டி. ரேடியாலஜி பிராக்டிக்கலில் எனக்கு வந்தது கரோட்டிட் டாப்ளர், அதாவது கழுத்து ரத்தக்குழாயில் ஓட்டத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட். கேஸ் ஒரு பெரியவர். இரண்டு வாரத்துக்கு முன் வலது கை அரை மணி நேரம் செயலிழந்து, தானாகவே சரியாகியிருந்தது. இடது ஐசிஏவில் (மூளைக்குப் போகும் உள் கரோட்டிட் குழாய்) பி.எஸ்.வி., அதாவது ரத்த ஓட்டத்தின் உச்ச வேகம், 118 வந்தது. 2003-ல் வெளியான எஸ்.ஆர்.யூ. (அல்ட்ராசவுண்ட் ரேடியாலஜிஸ்டுகள் சங்கம்) அட்டவணை எனக்கு மனப்பாடம்: நொடிக்கு 125 செ.மீ.க்குக் கீழே என்றால் அடைப்பு 50 சதவீதத்துக்கும் குறைவு, 230 வரை 50–69, அதற்கு மேல் 70-ம் கூடுதலும். யோசிக்காமல் ‘50-க்குக் கீழே’ என்றேன்.

"வேகத்தை விடுங்க, கலரைப் பாருங்க" என்றார் எக்ஸாமினர். குழாய் முழுக்கக் கொழுப்புப் படிவு. நடுவே நூல் மாதிரி ஒரு நிறக்கோடு, ரத்தம் ஓடும் இடம் அவ்வளவுதான். குழாய் குறுகக் குறுக வேகம் ஏறும், சரி. ஆனால் அடைப்பு முற்றும்போது உள்ளே போகும் ரத்தமே குறைந்து, வேகமும் விழுந்துவிடும். இது அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. நான்தான் எண்களை மட்டும் படித்திருந்தேன்.

அதனால் முதலில் காரை எலும்பிலிருந்து தாடை வரை குறுக்குவாக்கில் கருப்பு வெள்ளையில் பாருங்கள். அடுத்து கலர், கடைசியில்தான் வேகம். கலரே தெரியவில்லை என்றாலும் உடனே முழு அடைப்பு என்று சொல்லிவிடாதீர்கள். மெதுவான ஓட்டமும் தெரியும்படி மெஷினில் பி.ஆர்.எஃப். (நொடிக்கு அனுப்பும் ஒலித்துடிப்புகள்), வால் ஃபில்டர் (மெதுவான அசைவுகளை வடிகட்டுவது) இரண்டையும் இறக்கி, இன்னொரு முறை தேடுங்கள்.

அல்ட்ராசவுண்ட் கதிருக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையே உள்ள கோணத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 60 டிகிரியைத் தாண்டவே கூடாது. உண்மையான கோணம் 60 இருக்க, கர்சரை (ஓட்டத்தின் திசையைக் குறிக்க நாம் திரையில் வைக்கும் கோடு) 65-ல் வைத்தால் வேகம் சுமார் 18 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதாவது 200 இருப்பவருக்கு 236 வரும். அடைப்பு 70-ஐத் தாண்டிவிட்டதாக எழுதிவிடுவோம். ஆபரேஷன் பேச்சு தொடங்கும் இடம் அது. 30 டிகிரியில் இதே ஐந்து டிகிரி பிசகினால் 6 சதவீதம்தான் மாறும்.

ஐசிஏவா இசிஏவா (முகத்துக்குப் போகும் வெளி கரோட்டிட்) என்று குழம்பினால், காதுக்கு முன்னால் விரலால் லேசாகத் தட்டுங்கள். இசிஏ என்றால் வேவ்ஃபார்மில் (திரையில் வரும் வேக வரைபடம்) பல் பல்லாகத் துடிப்பு தெரியும். கிளை பிரிகிறதா (பிரிந்தால் இசிஏ) என்பதையும் சேர்த்தே பாருங்கள், தட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம், வெர்ட்டிப்ரலை (கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகும் குழாய்) பார்க்காமல் புரோபைக் கீழே வைக்காதீர்கள். ஓட்டம் தலைகீழாக இருந்தால் கைக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கலாம், இரண்டு கையிலும் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள்.