ஊசி ஏறும் நொடி: கிராசேயின் 1897 கல்லச்சு

போதையைப் படமாக்கச் சொன்னால் ஓவியர்கள் பெரும்பாலும் மயக்கத்தைத்தான் வரைவார்கள்: பாதி மூடிய கண், தளர்ந்து தொங்கும் கை. பாரிஸில் வேலை செய்த சுவிஸ் ஓவியர் யூஜீன் கிராசேயின் 'லா மார்ஃபினோமான்' (மார்ஃபினுக்கு அடிமையானவள்) கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்சிட்ட படத்தில், அந்த மயக்கமே கிடையாது. உள்ளாடையை விலக்கி, தொடையில் ஊசியைக் குத்துகிறாள் ஒரு பெண். பல்லைக் கடித்திருக்கிறாள், புருவம் நெரிந்திருக்கிறது. மருந்து இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. இந்த நொடியைப் பிடித்ததுதான் கிராசேயின் பெரிய காரியம்.

1845-இல் பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் டோமியே கஞ்சாப் பிசின் புகைப்பவர்களைக் கல்லச்சில் வரைந்தபோது அது வெறும் கேலி. ஒருவருக்கு ஒட்டகத்தில் போவதுபோல் இருக்கிறதாம், இன்னொருவருக்குப் பிரம்படி விழுவதுபோல் இருக்கிறதாம்! 1853-இல் லியோன் மருத்துவர் பிரவாஸ் திருகினால் மருந்தை உள்ளே தள்ளும் தண்டு வைத்த வெள்ளி ஊசிக்குழாயைச் செய்தார். அதன்பின் ஊசிவழி மார்ஃபின் பரவியது. பழக்கம் அறைக்குள் போனது. பிரெஞ்சு ஓவியர் ஆல்பேர் பெனார் 1887-இல் செப்புத்தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த 'மார்ஃபினோமான்கள்' படத்தில் நாகரிக உடையில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அங்கே எல்லாவற்றையும் சொல்வது பார்வைதான்.

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் இணைத்துச் செய்யும் சாளர ஓவியம் கிராசேக்குக் கைவந்த கலை. ஈயப் பட்டைபோல் தடித்த கோடு, அதற்குள் தட்டையான நிறம் என்ற அதே முறைதான் இங்கேயும். வண்ணக் கல்லச்சில் பொதுவாக ஒரு நிறத்துக்கு ஒரு கல். கொழுப்புக் கலந்த மையாலோ கிரேயானாலோ சுண்ணாம்புக் கல்லில் வரைவார்கள். கருவேலம் பிசினில் துளி நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். பிறகு கல்லை நனைத்து மை உருட்டுவார்கள். ஈரம் பிடித்த இடம் மையைத் தள்ளிவிடும், கொழுப்பு பிடித்த இடம் வாங்கிக்கொள்ளும். பிசின் சரியாகப் படியாவிட்டால் வெற்றிடத்திலும் அழுக்குப் படரும்.

அடுத்த கல்லுக்குப் போகும்போது தாள் ஈரத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டாலே போதும், நிறம் கோட்டைத் தாண்டிவிடும். பெரிய பரப்பில் அது தெரியாமல் போகலாம். ஊசியைப் பிடித்த விரல்களில் தப்பவே முடியாது: மயிரிழை விலகினாலும் பிடி தளர்ந்துபோகும், படத்தின் இறுக்கமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். பிரதியைப் பார்க்க வாய்த்தால் முகத்துக்கு முன் அந்தக் கையைப் பாருங்கள்.

பாரிஸ் கலை வணிகர் வொல்லாரின் 1897 அச்சுப்படத் தொகுப்புக்காக அச்சானது இது, 100 பிரதி. தொகுப்பு வாங்கியவர் கையில் தனித்தாளாக எடுத்துப் பார்த்திருப்பார், அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி.