கைல் ஃபீல்டில் உட்காராத கூட்டம்

ஹூஸ்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் காலேஜ் ஸ்டேஷன் வந்துவிடும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஊர். அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் சனிக்கிழமை. அங்கே படிக்கும் அக்கா மகன் வெள்ளிக்கிழமையே வரச் சொல்லிவிட்டான். ராத்திரி 12 மணிக்கு ‘மிட்நைட் யெல்’ இருக்கிறதாம். மறுநாள் போடப்போகும் கோஷங்களுக்கு கைல் ஃபீல்ட் மைதானத்திலேயே ஒத்திகை. கோஷங்களை வழிநடத்தும் யெல் லீடர்கள் கையால் சைகை காட்டியதும், கூட்டம் மொத்தமும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து அடிவயிற்றிலிருந்து கத்துகிறது. நானும் குனிந்தேன்.

மறுநாள் காலை மைதானத்தின் வடக்கு வாசலுக்குப் போனோம். வரிசையாகக் கல்லறைகள், எல்லாம் நாய்களுடையவை. 1931-ல் மாணவர்கள் கொண்டுவந்த ஒரு கலப்பின நாய்தான் பல்கலைக்கழகத்தின் சின்னமான முதல் ‘ரெவெலி’. இப்போது அந்தப் பெயரில் வலம்வருவது கோலி இன நாய். ஸ்டேடியத்தைப் பெரிதாகக் கட்டியபோது கல்லறைப் பக்கம் ஸ்கோர்போர்டு மறைந்துபோனது. அதனால் செத்துப்போன ரெவெலிகள் பார்க்கவென்றே தனியாக ஒரு சின்ன ஸ்கோர்போர்டு வைத்திருக்கிறார்கள். அதன் எதிரில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

கைல் ஃபீல்டில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆனால் மாணவர் பகுதியில் ஒருவரும் உட்காருவதில்லை. “மாமா, உட்காராதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

காரணம் 1922 ஜனவரி 2-ம் தேதி டாலஸில் நடந்த ஆட்டம். எதிரணி சென்டர் காலேஜ், அன்றைக்குப் பெரிய அணி. ஏ அண்ட் எம் பக்கம் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியேற, மாற்று ஆட்களே தீர்ந்துபோகும் நிலை. பயிற்சியாளர் டானா பைபிள், பார்வையாளர் பக்கம் இருந்த கிங் கில் என்ற மாணவரைக் கீழே வரச் சொன்னார். கில் அடிபட்ட வீரர் ஒருவரின் உடையை மாட்டிக்கொண்டு கோட்டோரம் வந்து நின்றார். கடைசிவரை இறங்க வேண்டி வரவில்லை. 22-14 என்று ஜெயித்துவிட்டார்கள். களத்தில் ஆடும் பதினொருவருக்கு அடுத்த பன்னிரண்டாவது ஆள் என்று இன்றுவரை கொண்டாடுவது, இறங்காமலே தயாராக நின்ற அவரைத்தான். அவருக்காகத்தான் மாணவர்கள் ஆட்டம் முழுக்க நிற்கிறார்கள்.

ஒரு பாட்டுக்குத் தோளோடு தோள் கோத்து, ஒரு வரிசை இடப்பக்கமும் அடுத்த வரிசை வலப்பக்கமுமாக ஆடினார்கள். காலடியில் தளம் அசைவது நன்றாகவே தெரிந்தது.

அன்றைக்குத் தோற்றார்கள். கிளம்பலாம் என்று திரும்பினால், மாணவர்கள் யாரும் நகரவில்லை. யெல் லீடர் சைகை காட்டினார். அடுத்த ஆட்டத்துக்கு ஒத்திகை. மறுபடி முழங்காலில் கை ஊன்றினோம்.