இப்போதா, பிறகா?

என் போனில் ஓர் அறிவிப்பு வாடகை கொடுக்காமல் குடியேறியிருந்தது. "புதிய பதிப்பு தயாராக இருக்கிறது. செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது. சில பிழைகள் நீக்கப்பட்டுள்ளன." எந்தப் பிழைகள் என்று சொல்லமாட்டார்கள். இத்தனை காலம் எதனோடு குடித்தனம் நடத்தினோம் என்று அறியும் உரிமைகூட நமக்கு இல்லை. கீழே இரண்டு பொத்தான்கள்: 'இப்போது நிறுவு', 'பிறகு நினைவூட்டு'. 'வேண்டாம்' என்று மூன்றாவதாக ஒன்று வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆண்ட்ராய்டு 12-லிருந்து 13-க்கு மாறச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது அது. நான் 'பிறகு' என்பதையே அழுத்திவந்தேன். காய்கறிக் கடையில் பணம் செலுத்தப் போனைத் தூக்கும்போதுதான் அதற்குச் சரியாக நினைவு வரும். இதற்கிடையே போனும் தள்ளாட ஆரம்பித்திருந்தது. கேமராவைத் திறந்தால், மகள் சிரித்து முடித்து முகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் படம் விழும்.

புதிய பதிப்பைப் போட்டால் வேகம் கூடுமா, உள்ளதும் போய்விடுமா? அலுவலகத்தில் கேட்டேன். ஒருவர் போட்டதிலிருந்து பேட்டரி மதியத்துக்கே படுத்துவிடுவதாகச் சொன்னார். எப்போது போட்டீர்கள் என்றால், நேற்று இரவாம். பதிப்பு மாறியதும் போன் எல்லாச் செயலிகளையும் புதிதாக ஒழுங்குபடுத்திக்கொள்ளும். முதல் ஓரிரு நாள் சூடும் பேட்டரிச் செலவும் அதனால்தான் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். ஆலோசனை கேட்கப் போய் ஆலோசனை கொடுத்துவிட்டு வருவது எனக்கு வாடிக்கை.

இன்னொருவர் ஒரே போடாகப் போட்டார்: "எல்லாம் திட்டமிட்ட சதி. பழைய போனை மெதுவாக்கிப் புதிய போனை வாங்க வைப்பதற்குத்தான் இந்த அப்டேட்." சிரித்து ஒதுக்கிவிடவும் முடியவில்லை. மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். விளக்கத்தை நண்பர் ஏற்கவில்லை. ஒப்புதலை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

வீட்டில் இதைப் பேச்செடுத்தது அப்பா காதில் விழுந்தது. "ஓடுகிற வண்டியை எதற்கு மெக்கானிக்கிடம் விடுகிறாய்?" என்று முதல் வாக்கை எதிராகப் போட்டார். மகள் முழு ஆதரவு. முன்பெல்லாம் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் இனிப்பின் பெயர் வைத்தார்கள், 2019-இல் வந்த பத்தாம் பதிப்போடு அது நின்றுவிட்டது என்று தாத்தாவுக்கு வகுப்பெடுத்தாள். அவர் பட்டியலைக் கேட்டு வாங்கினார். ஜெல்லி பீன், லாலிபாப், மார்ஷ்மெல்லோ, பை.

"ஜாங்கிரி இல்லையா?"

"இல்லை தாத்தா."

"லட்டு இருக்கும்போது லாலிபாப்பா? மைசூர்பாகு என்ன ஆயிற்று? அந்தக் கூகுள் நிறுவனத்தின் தலைவர் நம் மதுரையில் பிறந்தவர் என்றல்லவா சொன்னாய்?"

இந்தப் பெயர்கள் ஆங்கில அகரவரிசைப்படி வரும். 2016-இல் 'என்' (N) எழுத்து வந்தபோது மலையாளிகள் திரண்டு நெய்யப்பத்துக்கு ஆதரவு திரட்டினார்கள். கடைசியில் நௌகட் என்று வைத்துவிட்டார்கள். நாம் அந்த அளவுக்குக்கூட முயலவில்லை. 'பி' (P) வந்தபோது பணியாரத்துக்காக ஒருவர்கூடக் கொடி பிடித்ததாக நினைவில்லை. இந்தக் கோபத்தில் அப்பாவின் எதிர்ப்பு இன்னும் வலுத்தது.

மனைவிக்கு இனிப்பைப் பற்றியோ சதியைப் பற்றியோ கவலையில்லை. "பணம் அனுப்புகிற செயலி வேலை செய்யுமா? செய்யாவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். அங்கேதான் சிக்கல். ஏறினால் இறங்குவது சுலபமில்லை. பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமென்றால் பெரும்பாலும் பூட்லோடர் என்ற தொடக்கப் பூட்டைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கும் எல்லா நிறுவனங்களும் வழிவிடுவதில்லை. இதை விளக்கியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "திரும்பி வர முடியாத காரியம் என்றால் நேரம் பார்க்காமல் செய்வார்களா?" தினசரிக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி என்று நினைத்திருந்தேன். ஞாயிறு நாலரை முதல் ஆறு ராகு காலம். நாலு மணிக்கே தொடங்கினாலும் தரவிறக்கம் செய்வதே ஒரு மணி நேரம் பிடிக்கும், ராகு காலத்துக்குள் போய்விடுமே என்றேன். "தொடங்குகிற நேரம்தான் கணக்கு" என்று நாலு மணியைக் குறித்துக் கொடுத்தார். எதிர்த்து வாக்களித்தவரே முகூர்த்தம் குறித்ததை நான் சுட்டிக்காட்டவில்லை.

ஞாயிறு நாலு மணிக்கு, குடும்பம் சூழ, 'இப்போது நிறுவு' என்பதை அழுத்தினேன். "போதிய இடம் இல்லை. ஐந்து ஜிபியைக் காலி செய்யவும்" என்றது போன்.

64 ஜிபி கொண்ட போன். திறந்து பார்த்தால் உள்ளே முழுக்க என் மைத்துனர். பனித்துளி தாங்கிய ரோஜா, ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் சூரியோதயம், குழந்தை கைகூப்பும் படம், எல்லாவற்றின் மேலும் 'இனிய காலை வணக்கம்'. அவர் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. குடும்பக் குழு மூன்று இருப்பதால் ஒவ்வொரு ரோஜாவும் மும்முறை பூத்திருந்தது. இந்தியர்களின் போன்கள் ஏன் திணறுகின்றன என்று ஆராய்ந்த கூகுள்காரர்கள் இந்தக் காலை வணக்கங்களிடம்தான் வந்து நின்றார்கள் என்று 2018-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அவற்றைத் தேடிப் பிடித்து அழிக்க, ஃபைல்ஸ் கோ என்ற செயலியில் தனி வசதியே செய்துகொடுத்தார்கள். மைத்துனர் உலக அளவில் கவனிக்கப்பட்டவர் என்று மனைவியிடம் சொன்னேன். "எங்கள் அண்ணனைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் பொழுது போகாதே" என்றாள்.

மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனபோது, அதுவரை பேசாமல் இருந்த அம்மா குறுக்கே வந்தார். "அதில் முருகன் இருக்கிறார். சாமி படத்தை அழிக்காதே." முருகன் மட்டுமா? செவ்வாய்க்கு முருகன், வியாழனுக்குத் தட்சிணாமூர்த்தி, சனிக்கு ஆஞ்சநேயர் என்று மைத்துனர் கிழமை தவறாதவர். ரோஜாக்களை மட்டும் அழித்து, கடவுளரைத் தனியே பிரித்து ஒரு பென் டிரைவுக்கு மாற்றுவதென்று உடன்பாடாயிற்று. மகள் பிரிக்க, அம்மா சரிபார்த்தார். பாதியில், ரோஜாவுக்கு நடுவே சிறியதாக ஒரு பிள்ளையார் இருந்த படத்தில் இருவருக்கும் கருத்து வேறுபட்டு, பிள்ளையாருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. பென் டிரைவ் இப்போது எங்கள் பூஜை அறையில், விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இடம் காலியானதும் கேமரா சட்டென்று திறந்தது. அப்பா விடுவாரா? "வேகம் வந்துவிட்டதே, இனி எதற்கு அப்டேட்?" நியாயமான கேள்விதான். ஆனால் அமைப்புகளில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைப் பார்த்தேன், முந்தைய வருடத்தியது. 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்றொரு ஓட்டை வெளியே தெரியவந்தது. நம் எண் தெரிந்த ஒருவர் எம்எம்எஸ் அனுப்பியே போனுக்குள் நுழைய வழியிருந்தது. அதற்குப் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் திருத்தம் வெளியிடத் தொடங்கியது. வங்கிக் கணக்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிற நான், போன வருடப் பூட்டை நம்பி இருக்க விரும்பவில்லை. வேகத்துக்காக அல்ல, இதற்காகவே போட்டேன். மணி ஐந்தரை. அப்பா காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலு மணிக்கே தொடங்கிவிட்டோம் என்றேன். யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

முடிந்து எழுந்த போனைப் பார்த்து மகள் ஏமாந்துபோனாள். வண்ணம் கொஞ்சம் மாறியிருந்தது, அவ்வளவுதான். மனைவி மட்டும் சோதனையில் இறங்கினாள். பணம் போகிறதா என்று பார்க்க, என் போனிலிருந்து தன் அண்ணனுக்கு ஒரு ரூபாய் அனுப்பினாள். போனது. எல்லோரும் நிம்மதியாகக் காபி குடித்தோம்.

கோப்பையைக் கீழே வைப்பதற்குள் மூன்று குழுக்களிலும் மைத்துனரின் செய்தி வந்துவிட்டது. ரோஜாப்பூப் படம். அதன் மேல் சிவப்பு எழுத்தில்: "உறவினர்களே, எச்சரிக்கை! மாப்பிள்ளையின் போனை யாரோ கைப்பற்றிவிட்டார்கள். ஒரு ரூபாய் அனுப்பி வலை விரிக்கிறார்கள். அந்த எண்ணிலிருந்து அழைத்தால் யாரும் எடுக்க வேண்டாம்."

விளக்கம் சொல்ல உடனே அவரை அழைத்தேன். எடுக்கவில்லை.