டமாஸ்கஸுக்குப் பின் தெஹ்ரான்

2024 டிசம்பர் 8 அன்று சிரியாவில் பஷார் அல் அசாத்தின் ஆட்சியைக் கிளர்ச்சியாளர்கள் கவிழ்த்தபோது, அவருக்குப் புகலிடம் தந்த ரஷ்யாவைவிட ஈரானே அதிகம் இழந்தது என்பது என் கணிப்பு. ஈராக்கிலிருந்து அபூ கமால் எல்லைச் சாவடி வழியாகச் சிரியாவைக் கடந்து ஈரான் ஆதரவு பெற்ற லெபனானின் ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவுக்கு ஆயுதங்கள் சென்ற தரைவழி அத்துடன் அடைபட்டது. அதை ஒரு வாரத்துக்குள் அவ்வியக்கத்தின் தலைவர் நயீம் காசிமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். டமாஸ்கஸில் ஈரானியத் தூதரகம் சூறையாடப்பட்டது; அங்கிருந்த ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியின் படம் கிழித்தெறியப்பட்டது. 2017 ஒப்பந்தத்தின்படி சிரியாவின் டார்டஸ் கடற்படைத் தளத்தை 49 ஆண்டுகளுக்குப் பெற்றிருந்த ரஷ்யாவோ, அதைக் காப்பாற்றிக்கொள்ள, தான் ஆண்டுக்கணக்கில் குண்டுவீசிய (இதில் வெட்கமென்ன!) கிளர்ச்சியாளர்களுடனேயே பேச்சைத் தொடங்கியது. அக்கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய சிரியாவின் புதிய அதிபர் அகமது அல் ஷரா 2025 அக்டோபரில் மாஸ்கோ சென்று புதினைச் சந்தித்தார். அவ்வாண்டில் அவர் தெஹ்ரான் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.