இரைச்சல் போனது, எர்த் கம்பி போகவில்லை

பாட்டுப் பதிவுக்காக வைத்திருக்கும் ஸ்பீக்கரில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த 'ம்ம்ம்' ஒருவழியாக அடங்கிவிட்டது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் அமைதி, செருகினால் மறுபடியும் இரைச்சல். ஹெட்ஃபோனில் ஒன்றும் இல்லை, பதிவிலும் ஏறவில்லை. அப்படியென்றால் எர்த் லூப்தான். சார்ஜருக்கும் மூன்று பின், ஸ்பீக்கர்களுக்கும் மூன்று பின், நடுவில் மைக்கையும் ஸ்பீக்கரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ். அதன் யூஎஸ்பி கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் இரண்டு எர்த்தையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகின்றன.

இதைச் சொன்னதும் கேட்டவர்கள் எல்லாரும் கொடுத்த யோசனை ஒன்றே: "சார்ஜர் பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றிவிடு." தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். உள்ளே ஏதாவது பழுதானால் 230 வோல்ட் போக வழியில்லாமல் உலோகப் பாகங்களில் நிற்கும். அதே எர்த்தில்தான் மைக்கின் உடம்பும் கிட்டார் கம்பியும் இணைந்திருக்கின்றன. மைக்கில் உதடு படப் பாடுகிறவரை நினைத்துப் பாருங்கள்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனுக்குக் கொண்டுவந்தேன். பாதி குறைந்தது. மீதியைத் தீர்த்தது கேபிளை மாற்றியதுதான். ஸ்பீக்கரோடு வந்த ஆர்சிஏ கேபிளில், கம்பியைச் சுற்றியிருக்கும் ஷீல்டு வலைதான் சிக்னலின் திரும்பும் பாதையும். எர்த்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் அதிலேயே கலந்துவிடுகிறது. பேலன்ஸ்டு கேபிளில் சிக்னல் இரண்டு கம்பிகளில் போகிறது, ஸ்பீக்கர் அவற்றின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் ஒரே அளவில் ஏறிய இரைச்சல் கழிந்துவிடும். இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் இரண்டு பக்கமும் பேலன்ஸ்டாக இருந்தால்தான் பலன். பிளக்கில் இரண்டு கருப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் இரட்டைக் கம்பி ஷீல்டு கேபிளும் நான்கு 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்கும் வாங்கி நானே சாலிடர் செய்தேன். பிளாஸ்டிக் உறையை முதலிலேயே கேபிளில் கோத்துவிட வேண்டும். ஷீல்டு இழைகளை இறுக்கி முறுக்காவிட்டால் ஒரு இழை நடு வளையத்தைத் தொட்டுவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கம்பியும் முனைக்கு முனை 'பீப்' அடிக்கிறதா, ஒன்றுக்கொன்று அடிக்காமல் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்காமல் உறையை மூடாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு எனக்கு அந்தத் தெரு போதும். கடைக்காரர் அண்ணன் பொறுமையாக நாலு வகை பிளக்கை எடுத்துக் காட்டினார்.

இன்னொன்று, தனி பவர் இல்லாத யூஎஸ்பி ஹப் வேண்டவே வேண்டாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதே 500 மில்லிஆம்பியர், அதைப் பங்கு போட்டால் கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட்டைப் போட்டதும் இன்டர்ஃபேஸ் தடுமாறும். நேராக லேப்டாப்பில் செருகுங்கள். ஸ்பீக்கரைக் கடைசியில் போடுவது, முதலில் அணைப்பது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கோலாலம்பூரில் சாயங்கால இடி இறங்கும்போது மட்டும் சுவிட்சை நம்பாதீர்கள், பிளக்கையே கழற்றுங்கள்.

இன்னும் கெயின் (மைக் சிக்னலை எவ்வளவு பெருக்குவது) அளவுகளைச் சரி செய்யவில்லை. அதற்குள் மனம் மிருதங்கத்துக்குப் போய்விட்டது: வலப்பக்க வலந்தலைக்கு ஒரு கண்டென்சர் மைக், இடப்பக்கத் தொப்பிக்கு ஒரு டைனமிக் மைக். பத்துமலைப் பக்கம் வாசிக்கிற தம்பி ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார். மைக் ஸ்டாண்டு இன்னும் ஒன்று தேவை.